மரம் நின்ற இடத்தில் நிற்கும், மீன் நிற்காது

மூன்று வருட உழைப்பு, நான்கு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம், இருபது வருடப் பழக்கமுள்ள ஒரு நண்பர். ஒரு ஏரிக்காக நான் இழந்தவை இவை. ஏரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு நான் காரணம் இல்லை. நான் செய்ததை எல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்ததுதான் காரணம். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பொதுக்காடு, பொதுக்குளம், மேய்ச்சல் நிலம் என்று எதையாவது ஊர் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது கிளம்பினால், என்னைப் போல் தனியாக அடிவாங்கித் தெரிந்துகொள்ள வேண்டாமே என்று எழுதுகிறேன்.

முதலில் என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஏழு வருடம் ஒரு மலைச்சரிவுக் காட்டுக் குழுவில் இருந்தேன். அங்கே முறை ரொம்ப எளிது. காட்டை மூன்று துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மூடிவிடுவோம், யாரும் உள்ளே போகக் கூடாது. மற்ற இரண்டில் காய்ந்த விறகு மட்டும், அதுவும் தலைச்சுமையாக. வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல். மூன்றாவது மழைக்கு வெட்டின அடிமரம் எல்லாம் துளிர்த்து ஆள் உயரம் வந்துவிட்டது. நேபாளத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1957-இல் காடுகளை அரசுடைமை ஆக்கினார்கள், பல இடங்களில் மக்களுக்குக் காடு அந்நியமாகிப் போனது. பிறகு 1993-இல் வந்த சட்டம் பயன்படுத்துகிற மக்களின் குழுக்களிடமே காட்டை ஒப்படைத்தது, இன்று அப்படி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. இதையெல்லாம் படித்துவிட்டு, பொதுச்சொத்தை எப்படி நடத்துவது என்பது எனக்குத் தெரியும் என்றே நம்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு காடு, அவ்வளவுதான்.

அப்புறம் வேலை நிமித்தம் இடம் மாறினேன். அங்கே இருந்த அந்தப் பழைய நண்பர்தான், "காட்டைப் பார்த்துக்கொண்ட ஆள், எங்கள் ஏரியையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். நான்கு குடியிருப்புகளுக்குப் பொதுவான ஏரி. கீழே வயல்காரர்களுக்குத் தண்ணீர், ஏரியில் மீன்பிடிக்கிறவர்கள் சுமார் நாற்பது வீடு, ஓரத்தில் கோரை அறுக்கிற பெண்கள், தண்ணீர் வற்றினால் ஏரி உள்வாயில் ஆடுமாடு மேய்ப்பவர்கள். மீன் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்தது, கரை இரண்டு இடத்தில் கசிந்தது. நான் ஒரு கூட்டம் போட்டேன். அறுபது பேர் வந்தார்கள். பதினான்கு பக்கத்துக்கு விதிமுறை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எப்படி எழுதினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்: பழைய காட்டுக் குழுவின் விதிகளை எடுத்து, "காடு" என்று இருந்த இடத்தில் எல்லாம் "ஏரி" என்று மாற்றினேன். ஒரு இடத்தில் வரியை நீக்க மறந்துபோய் "ஏரியில் தீ வைப்பவர்களுக்கு அபராதம்" என்றே இருந்தது. யாரும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. யாரும் படிக்கவே இல்லை என்பது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் கைதூக்கினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

முதல் விதி, ஏரியின் வடக்கு மூன்றில் ஒரு பங்கை ஒரு வருடம் மூடுவது. மிதவை, கயிறு, காவலுக்கு ஒரு சிறு படகு என்று என் கைப்பணம் இங்கேதான் போக ஆரம்பித்தது. குழுவுக்குப் பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், வரவே இல்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கும், இந்தத் துண்டில் நான் வெட்டாமல் விட்டால் அது இதே துண்டில்தான் எனக்காகக் காத்திருக்கும். மீன் கயிற்றைப் பார்த்துத் திரும்பிப் போகுமா? மூடின பக்கத்தில் வளர்ந்தது எல்லாம் திறந்த பக்கத்துக்கு வந்து வலையில் விழுந்தது. வடக்குக் கரையில் இருந்தவர்கள் மட்டும் தங்கள் இடத்தை இழந்தார்கள், தெற்குக் கரைக்காரர்களுக்கு இரட்டை வலை. இரண்டே மாதத்தில் வடக்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மூடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் அந்தவதுவாக்கா என்ற ஊரில் 2004-இல் ஆக்டோபஸ் பிடிக்கிற பாறைத்திட்டு ஒன்றைச் சில மாதம் மூடிப் பார்த்தார்கள். ஆக்டோபஸ் சில மாதத்திலேயே மளமளவென்று எடை போடுகிற உயிர், பாறைப் பொந்தை விட்டு அதிகம் நகராதது. அதனால் திறந்தபோது பெரிதாகக் கிடைத்தது, பக்கத்து ஊர்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின. சில மாதம் என்ற கணக்கு அந்த உயிரின் வளர்ச்சியிலிருந்து வந்தது. என்னுடைய ஒரு வருடம் காலண்டரிலிருந்து வந்தது. நீங்கள் எதைக் காக்கப் போனாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்: அது நகருமா, எவ்வளவு நாளில் வளரும், சேர்த்து வைக்க முடியுமா. இந்த மூன்றுக்கும் காட்டில் ஒரு பதில், மீனில் ஒரு பதில், தண்ணீரில் வேறு பதில். என் ஏரியில் இவை எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடந்தன.

மீன் நகரும் இடங்களில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதைவிட யார், எப்போது, எங்கே என்பதைப் பிரிக்கிற முறைதான் பல இடங்களில் நிற்கிறது. துருக்கியில் அலான்யா என்ற கடற்கரை ஊரில் சுமார் நூறு மீனவர்கள். 1970-களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்கு அடிதடி. பிறகு வலைபோடும் இடங்களுக்கு எல்லாம் பெயர் வைத்து, ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கினார்கள். ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும், அதன்பின் மேற்கே. எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். தனியாகக் காவலும் வேண்டாம், ஏனென்றால் இன்று அந்த நல்ல இடம் யாருடைய முறையோ அவரே விடியற்காலையில் போய் நிற்பார், வேறு யாராவது வலை போட்டிருந்தால் சண்டையை அவரே தொடங்கிவிடுவார். இதைச் சரிசெய்து நிலைநிறுத்த அவர்களுக்குக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆனது. நம் பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் வைத்திருக்கிற பாடு முறையும் இதே குடும்பம்தான், சீட்டுப் போட்டு இடம் பிரிப்பது. எனக்கு மொழியே கைகொடுத்திருக்கும், "பாடு" என்ற சொல்லை யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

சரி, இதைவிடப் பெரிய அடி தண்ணீரில்தான் விழுந்தது. விதிமுறை போட்ட ஐந்தாவது மாதம் வயலுக்குக் கடைசித் தண்ணீர் தேவைப்பட்டது. மதகைத் திறந்தார்கள். நான் மூடி வைத்திருந்த வடக்குப் பகுதி மேடான பகுதி, அதுதான் முதலில் வற்றியது. ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்க்கிறேன், மிதவை எல்லாம் சேற்றில் கிடக்கிறது, விரல் நீள மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகள் கூடையில் பொறுக்குகிறார்கள். கரையில் உட்கார்ந்து அழுதேன். அதைவிட எரிச்சலாக இருந்த விஷயம், வயல்காரர்கள் ஒரு விதியையும் மீறவில்லை என்பதுதான். என் பதினான்கு பக்கத்தில் மதகைப் பற்றி ஒரு வரி கிடையாது. காட்டில் மதகு இல்லையே!

வயல்காரரிடம் "மீனுக்காகத் தண்ணீரை நிறுத்துங்கள்" என்றால் அவர் ஏன் நிறுத்த வேண்டும்? அவருக்கு அதில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது. பாலித் தீவில் சுபாக் என்ற பாசனக் குழுக்கள் இருக்கின்றன. மேல்மடைக்காரர் நினைத்தால் தண்ணீரை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுப்பதில்லை. காரணம் பூச்சி. மேலும் கீழும் ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் வயலைச் சும்மா போட்டால்தான் பூச்சிக்குத் தின்ன எதுவும் இல்லாமல் போகும். அதற்குக் கீழ்மடைக்காரருக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். 1970-களில் முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று அரசு தூண்டி அந்த ஒழுங்கு குலைந்தபோது பூச்சி பெருகிப் பயிர் நாசமானது. அங்கே மேல்மடைக்காரர் விட்டுக்கொடுப்பது நல்ல மனசுக்காக மட்டும் இல்லை, அவர் வயலுக்கும் அதுதான் லாபம். நான் கூட்டத்தில் "எல்லோருக்கும் பொதுவானது" என்று உருக்கமாகப் பேசினேன், கைதட்டினார்கள், மதகைத் திறந்தார்கள்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். கூட்டத்துக்கு வந்தவர்களே உறுப்பினர்கள் என்று எழுதிவிட்டேன். கோரை அறுக்கிற பெண்களில் ஒருவர்கூட வரவில்லை, ஏனென்றால் நான் கூட்டம் வைத்தது அவர்கள் கோரை காயவைக்கிற நேரம். மேய்ப்பவர்கள் வருடத்தில் இரண்டு மாதம்தான் வருவார்கள், நான் பட்டியல் போட்டபோது அவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். மந்தையுடன் வந்து நின்றபோது எங்கள் ஆட்கள் விதிமுறையைக் காட்டி விரட்டினார்கள். அவர்களில் ஒரு முதியவர் என்னைப் பார்த்து, "என் தாத்தா காலத்திலிருந்து வருகிறோம், தம்பி எப்போது வந்தீர்கள்?" என்றார். பதினோரு மாதம் ஆகியிருந்தது. இதில் என் பாடம் ஒன்றே ஒன்று: எதையும் எழுதுவதற்கு முன் ஒரு முழு வருடம் சும்மா பாருங்கள். மழை, வற்று, அறுவடை, மேய்ச்சல் என்று எல்லாம் ஒரு சுற்று வரட்டும். யார் யார் வருகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பட்டியலில் விட்டுப்போனவர் பிறகு எதிரியாகத்தான் வருவார்.

அபராதம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். காட்டில் ஒரு மரம் வெட்டினால் போனது போனதுதான், அதனால் அங்கே முதல் தடவையே பெரிய அபராதம். அதையே இங்கும் போட்டேன். மூடிய பகுதியில் வலை போட்டு முதலில் பிடிபட்டது பதினாறு வயதுப் பையன், இருப்பதிலேயே வசதி குறைந்த வீடு. கட்ட முடியவில்லை, வலையை எடுத்துக்கொண்டோம். வலை போனால் அந்த வீட்டுக்குச் சாப்பாடு போச்சு. அதே வாரம் ஒரு வசதியான ஆள் மோட்டார் வைத்து ஏரியிலிருந்து இரவோடு இரவாகத் தண்ணீர் உறிஞ்சினார், அவர் மேல் நடவடிக்கை எடுக்க யாருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை. அடுத்த நாள் அந்தப் பையன் தெருவில் இருந்த பன்னிரண்டு வீடும் குழுவை விட்டு வெளியேறியது. நான் அவர்கள் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்க எட்டு மாதம் ஆனது. சீக்கிரம் போயிருக்கலாம்.

இதற்குப் பிறகுதான் எலினார் ஆஸ்ட்ரம் ஆராய்ச்சியை ஒழுங்காகப் படித்தேன். 2009-இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். பொதுச்சொத்து என்றால் ஆளுக்கு ஆள் சுரண்டி அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் எழுதியதற்கு, அழியாமல் பல நூறு வருடம் நின்ற இடங்களைத் தேடிக் காட்டியவர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517-இலேயே ஒரு விதி: குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். எவ்வளவு அழகான அளவுகோல், தீனி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்! 1990-இல் அவர் தொகுத்த எட்டு அம்சங்களில் ஒன்று, தண்டனை படிப்படியாக ஏற வேண்டும் என்பது. முதல் தடவை பேச்சோடு, அடுத்து சின்னத் தொகை, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கடுமை. வயிற்றுக்காக ஒருமுறை தப்புச் செய்தவரையும் வேலையாகவே செய்கிறவரையும் ஒரே தராசில் வைத்தால் முதலாமவர்தான் சாவார். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த எட்டையும் நான் உடனே இன்னொரு விதிமுறைப் புத்தகமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவை நீடித்து நின்ற இடங்களில் அவர் கண்ட பொது அம்சங்கள், அவற்றை அப்படியே ஒட்டினால் குழு வந்துவிடாது.

சண்டை வந்தால் எங்கே போவது என்பதும் என்னிடம் இல்லை. மோட்டார் விஷயத்தை ஒரு அலுவலகத்துக்கு மனுவாக எழுதினேன். நகல், முத்திரை, நேரில் போகப் பதினோரு நாள் விடுப்பு. ஐந்து மாதம் கழித்து வந்த பதில், ஏரிக்கு விதி போட உங்களுக்கு அதிகாரம் ஏது என்று திருப்பிக் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்பெயினில் வலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளுக்கென்று தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் கூடும். நீதிபதிகள் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்த விவசாயிகள், எல்லாம் வாய்ப்பேச்சு, அங்கேயே தீர்ப்பு. தண்ணீர்ச் சண்டைக்கு ஐந்து மாதம் தாங்காது, பயிர் ஐந்து நாள்தான் பொறுக்கும். உங்கள் குழு ஆரம்பிக்கும் அன்றே இரண்டைச் செய்யுங்கள்: நடந்து போகிற தூரத்தில், செலவில்லாமல், வாரத்துக்குள் பேசித் தீர்க்கிற ஒரு இடம். இன்னொன்று, உங்கள் விதியை அரசு குறைந்தபட்சம் தடுக்காது என்பதற்கு எழுத்தில் ஒரு காகிதம். நான் பின்னதை இரண்டாவது வருடம் தேடிப் போனேன், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கணக்கு. சுருக்கமாகச் சொல்கிறேன், இன்னும் வலிக்கிறது. குழுவின் பணத்தை என் பெயரிலும் நண்பர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கில் போட்டோம். என் கைப்பணம் போட்டதற்கு ரசீது பாதி இல்லை. ஒரு நாள் டீக்கடைப் பேச்சாக ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் நாங்கள் இருவரும் தின்றுவிட்டோம் என்று ஆகிவிட்டது. நண்பர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரை, அதோடு சரி. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகப் பெருமையாகப் பேசுவோம். 919, 921-ஆம் வருடத்து அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது, அதோடு முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவர் உறவினர்களும் மறுபடி நிற்கவே முடியாது என்றும் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இதில் அடிபட்ட யாரோதான் அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும். கணக்கை மாதாமாதம் சுவரில் எழுதிப் போடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சொந்தப் பணத்தைப் போடாதீர்கள். அது தியாகம் இல்லை, பிறகு வரப்போகிற சந்தேகத்துக்கு நீங்களே போடுகிற விதை.

மூன்றாவது வருடம் நான் விலகிவிட்டேன். அதன்பிறகு ஏரி எப்படிச் சரியானது என்பதில் என் பங்கு, ஓரமாக உட்கார்ந்து கேட்டதுதான். கோரை அறுக்கிற பெண்களில் மூத்த அக்கா ஒருவர் ஒரு நாள் என்னிடம், "தம்பி, கோரை அடியிலதான் மீன் முட்டை விடுது. அங்க தண்ணி முழங்காலுக்குக் கீழ இறங்கினா அவ்வளவுதான். எங்களைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போமே" என்றார். மூன்று வருடமாக நான் தேடிய விதி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மதகுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஊர்க்காரர்கள் ஒரு படியில் கோடு போட்டார்கள். தண்ணீர் அந்தப் படிக்கு வந்தால் மதகு மூடும். எந்தப் படி என்பதற்கு மட்டும் ஏழு கூட்டம் நடந்தது. பதிலுக்கு மீன்பிடிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மதகு வாயைத் தூர்வாரி, கரைக் கசிவை அடைத்துத் தர வேண்டும், அதனால் வயலுக்கு முன்பு வீணாகப் போன தண்ணீர் மிச்சம். வயல்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கோரையை முட்டை விடும் காலத்தில் அறுப்பதில்லை. மேய்ப்பவர்கள் வரும் இரண்டு மாதமும் பட்டியலில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம், அதையும் வாய்ப்பாடமாகவே சொல்வார்கள். மோட்டார் ஆள் இன்னும் அவ்வப்போது உறிஞ்சுகிறார், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவர் வீட்டு வாசலுக்கு நாற்பது பேர் போகிறார்கள், முன்பு ஒரு மனு போனது.

போன மாதம் கரை அடைக்கும் நாளன்று நான் வெளியூரில் இருந்தேன், சொல்லவும் மறந்துவிட்டேன். திரும்பி வந்ததும் முறைக்காரர் வீட்டுக்கு வந்தார், அன்று வலையைப் பறிகொடுத்த அதே பையன், இப்போது ஆளாகிவிட்டான். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். "முதல் தடவைதானே அண்ணா, பேரை மட்டும் நோட்டில எழுதுவோம்" என்றான். என் முன்னாலேயே எழுதினான், எழுத்துப் பிழையோடு.